கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி

நேயர்களுக்கு வணக்கம்.

ஸ்டான்லி மருத்துவமனை என்ற பெயர் என் ஆயாவின் நாக்கில் கடைசிவரை வரவே இல்லை. மற்ற ஊர்க்காரர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன்: வடசென்னையில் ஆயா என்றால் பாட்டி. காய்ச்சல் வந்தாலும் கட்டி வந்தாலும், "கஞ்சித் தொட்டிக்குப் போய்ச் சீட்டுப் போட்டு மருந்து வாங்கிக்கொண்டு வா" என்பார். அங்கே மருந்தைத் தொட்டியில் ஊற்றி வைத்திருப்பார்கள், அகப்பையால் மொண்டு கொடுப்பார்கள் என்று சிறுவயதில் நான் நம்பிக்கொண்டிருந்தேன். பிறகு வரலாறு படித்து, முப்பது ஆண்டு அதையே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த பிறகுதான் தெரிந்தது, அரசாங்கப் பலகையில் இருந்த பெயரைவிட ஆயா சொன்ன பெயருக்கு வயது அதிகம் என்று.

பழைய ஜெயில் ரோட்டில் போகிறவர்கள் ஒருபக்கம் ஸ்டான்லியின் கட்டடங்களைப் பார்ப்பார்கள். அதே சாலையில் ஒரு பழைய கோட்டை மதிலின் துண்டும் மிஞ்சி நிற்கிறது. மாடிப் பூங்கா என்கிறோமே, அதுதான். ஹைதர் அலியின் குதிரைப்படை 1767இலும் 1769இலும் சென்னை வாசல்வரை வந்து போன பிறகு, பயந்துபோன கிழக்கிந்தியக் கும்பினியார் கறுப்பர் பட்டணத்தைச் சுற்றி எழுப்பிய மதில் அது. அதற்காக மக்களிடம் வரி வாங்க நினைத்தார்கள். வரி வசூலாகவில்லை, வால்டாக்ஸ் ரோடு என்ற பெயர் மட்டும் தங்கிவிட்டது. இந்த ஊரில் பெயர்கள் அப்படித்தான், காரணம் போன பிறகும் உட்கார்ந்திருக்கும்.

1780இல் ஹைதரின் படை மறுபடியும் ஆற்காட்டு நவாபின் கர்நாடகச் சீமைக்குள் இறங்கியது. கிராமங்கள் எரிந்தன, பயிர் வைக்க ஆள் இல்லை. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு சனங்கள் பட்டணத்தை நோக்கி ஓடிவந்தார்கள். பின்னாலேயே பஞ்சமும் வந்தது. 1782இல் மதிலுக்கு வடக்கே, அதாவது வெளியே, பட்டினிக்காரர்களுக்குக் கஞ்சி ஊற்ற ஒரு சத்திரம் ஏற்பட்டது. மணியக்காரர் சத்திரம் என்பது மக்கள் வழக்கு. மணியக்காரர் என்ற சொல் வெள்ளைக்காரர் வாயில் மோனேகர் ஆயிற்று, சாவடி சௌல்ட்ரி ஆயிற்று. 'மோனேகர் சௌல்ட்ரி' என்று ஆவணங்களில் வருவது அதுதான். அந்த அமைப்பு இன்றும் அதே பக்கத்தில் ஆதரவற்ற முதியவர்களுக்கான இல்லமாக நடக்கிறது.

இந்த மருத்துவமனையின் வேரை 1740 வரை கொண்டுபோகிறவர்கள் உண்டு. கும்பினியின் மருத்துவத் துறை அந்த ஆண்டில் ஏற்பட்டது என்பது அவர்கள் கணக்கு. எனக்கு அதில் அவ்வளவு ஈடுபாடு இல்லை. ஒரு துறையின் பதிவேட்டில் பிறந்த நாளைத் தேடுவதைவிட அடுப்பு மூட்டிய நாளை எடுத்துக்கொள்ளலாம்.

கஞ்சி ஊற்றும் இடம் எப்படி ஆஸ்பத்திரி ஆகும்? பட்டினிக்காரன் பட்டினியோடு மட்டும் வருவதில்லை. வயிற்றுப்போக்கோடு வருவான், காய்ச்சலோடு வருவான், நடந்து நடந்து புண்ணான காலோடு வருவான். கஞ்சிக்கு வரிசையில் நிற்கிறவர்களில் பாதிப் பேர் நோயாளிகளாக இருக்கும்போது, வரிசைக்குப் பக்கத்திலேயே ஒரு வைத்தியர் வந்து உட்கார வேண்டியதாகிவிடும். இன்னொன்றும் உண்டு. பல நாள் பட்டினி கிடந்த உடம்புக்கு ஒரேயடியாகச் சோறு போட்டால் ஆள் தப்பாமலும் போகலாம். உண்ட சோற்றைக் கையாளும் அவசரத்தில் உடம்பு இரத்தத்திலிருக்கும் பாஸ்பேட்டை உறிஞ்சிவிடும், இதயம் தடுமாறும். அதனால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஊட்ட வேண்டும் என்று இன்றைய மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். 1782இல் இதையெல்லாம் யோசித்துக் கஞ்சி காய்ச்சினார்கள் என்று நான் சொல்லவில்லை. இருந்த அரிசிக்குக் கஞ்சிதான் கட்டுப்படியாகியிருக்கும். ஆனாலும் அங்கே கொடுத்த முதல் மருந்து அந்தக் கஞ்சிதான் என்பேன்.

1799இல் ஜான் அண்டர்வுட் என்ற கும்பினி மருத்துவர் அங்கே நோயாளிகளுக்கென்று தனியாக ஒரு மருத்துவமனையை நடத்தத் தொடங்கினார். சுதேசிகளுக்கான ஆஸ்பத்திரி என்று அதற்குப் பெயர். கோட்டைக்குள் வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கு ஆஸ்பத்திரி ஏற்கெனவே இருந்தது. மதிலுக்கு வெளியே இருந்தவர்களுக்கு இது. பின்னாளில் வெங்கடகிரி ராஜாவின் சத்திரமும் கைகொடுத்தது. 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் வந்தபோது, நூறு ஆண்டு கழித்து மறுபடியும் அதே மணியக்காரர் சத்திரத்து வாசலில் கூட்டம் நின்றது. கஞ்சித் தொட்டி என்ற பெயர் ஊர்வாயில் இவ்வளவு அழுத்தமாகப் பதிந்துபோக அந்த இரண்டாவது கூட்டமும் ஒரு காரணமாக இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

இருபதாம் நூற்றாண்டில் அது ராயபுரம் மருத்துவமனை, ராயபுரம் மருத்துவப் பள்ளி. 1911இல் அங்கிருந்து எல்.எம்.பி. பட்டயம் பெற்ற முதல் அணி வெளியே வந்தது. எல்.எம்.பி. டாக்டர் என்றால் வயதானவர்களுக்கு நினைவிருக்கும். சின்ன ஊர்களில் சைக்கிளில் தோல் பையோடு வந்து, மிக்ஸ்சர் கலந்து கொடுத்துவிட்டு, காசு இருந்தால் வாங்கிக்கொண்டு போனவர்கள் அவர்கள். 1946இல் ஜோசப் போர் என்பவர் தலைமையிலான அரசுக் குழுவின் அறிக்கை, இனி ஒரே தரத்தில் பட்டம்தான், குறுகிய காலப் படிப்பு வேண்டாம் என்று பரிந்துரைத்தது. படிப்பின் தரத்துக்கு அது நல்லதுதான். ஆனால் கிராமத்துக்குப் போகிற டாக்டர் யார் என்ற கேள்விக்கு இன்றுவரை நாம் தடுமாறிக்கொண்டிருக்கிறோம்.

ஸ்டான்லி யார் என்று பலர் கேட்பார்கள். ஜார்ஜ் ஃபிரடெரிக் ஸ்டான்லி, 1929 முதல் 1934 வரை சென்னை மாகாண ஆளுநர். 1933 மார்ச் 27ஆம் தேதி ஐந்தாண்டு மருத்துவப் பட்டயப் படிப்பைத் தொடங்கிவைத்தார். அவர் பெயரைப் பள்ளிக்கு வைத்தார்கள். 1938இல் அது கல்லூரியாக உயர்ந்தது. 1963இல் ஆண்டுக்கு 150 மாணவர்கள், இப்போது 250. ராயபுரத்தின் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனையும் இந்தக் கல்லூரியோடு சேர்ந்தது. வடசென்னையில் யாரைக் கேட்டாலும், "நான் ஆர்.எஸ்.ஆர்.எம்.மில் பிறந்தேன்" என்பார்கள். நானும் அங்கேதான்.

கற்பிக்கும் மருத்துவமனை என்றால் என்ன என்பதை எனக்கு விளங்க வைத்தவர் டாக்டர் இல்லை, காசிமேட்டில் வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவர். எங்கள் தெருவுக்கு மருமகனாக வந்தவர். சிறுவயதில் வந்த மூட்டுக்காய்ச்சல் அவருடைய இதய வால்வைக் கெடுத்துவிட்டது. ஸ்டெதாஸ்கோப்பை வைத்தால் ஒரு முரட்டுச் சத்தம் கேட்கும். மாணவர்களுக்கு அது பாடப்புத்தகம். தேர்வு வந்தால் வார்டிலிருந்து அவருக்குச் சொல்லி அனுப்புவார்கள், "கேஸ்" ஆக உட்கார வேண்டும் என்று. அன்றைக்கு அவர் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் கிளம்புவார். போனதும் கழற்றப்போகிற சட்டைக்கு இத்தனை சலவையா என்று அவர் மனைவி கேலி செய்வார்.

தேர்வெழுதும் பிள்ளை வேர்த்து விறுவிறுத்து நெஞ்சில் குழாயை வைக்கும். சரியான இடத்தில் வைக்கவில்லை என்றால் இவர் லேசாக இருமுவாராம், கொஞ்சம் இடப்பக்கம் சாய்வாராம். இடப்பக்கம் சாய்ந்தால் அந்தச் சத்தம் தெளிவாகக் கேட்கும் என்பது இத்தனை ஆண்டில் அவருக்கே பாடமாகியிருந்தது. "என் நெஞ்சைக் கேட்டு எத்தனை பேர் டாக்டர் ஆகியிருக்கிறார்கள் தெரியுமா?" என்று கடற்கரை மணலில் உட்கார்ந்து கணக்குப் போடுவார். கல்லூரிகளின் வரலாற்றில் முதல்வர்கள் பட்டியல் இருக்கும், இப்படிப்பட்டவர்கள் பட்டியல் எங்கும் இருக்காது.

அப்படிப் படித்து வெளியே வந்தவர்களில் ஒருவர் வியாசர்பாடி மருத்துவர் திருவேங்கடம் வீரராகவன். 1973இல் இரண்டு ரூபாய்க்கு வைத்தியம் பார்க்கத் தொடங்கினார், பிறகு ஐந்து ரூபாய். 2020 ஆகஸ்டில் மறையும்வரை ஐந்து ரூபாய் டாக்டர்தான். குறைந்த கட்டணத்தால் மற்ற டாக்டர்களுக்குச் சங்கடம், கொஞ்சம் உயர்த்தக்கூடாதா என்று கேட்டுப் பார்த்தார்களாம். அவர் மசியவில்லை.

இனி கைக்கு வருகிறேன். துறைமுகம், அச்சுக்கூடம், லேத்து, மரம் அறுக்கும் ஆலை என்று வடசென்னை கையால் பிழைக்கிற ஊர். இயந்திரம் முதலில் கேட்பதும் கையைத்தான். 1970களில் மருத்துவர் ஆர். வெங்கடசாமி ஸ்டான்லியில் கை அறுவைச் சிகிச்சைக்கென்றே ஒரு துறையை வளர்த்தார். நாட்டுக்கே முன்னோடியான துறை. அதன் வேலை எவ்வளவு நுட்பமானது என்பதை நான் எங்கள் வீட்டிலேயே பார்த்தேன்.

என் அப்பா ட்ரெடில் ஓட்டுகிறவர். ட்ரெடில் அச்சு இயந்திரம் வாயைத் திறந்து மூடுவது போல வேலை செய்யும். திறக்கும்போது ஒரு கை தாளை வைக்க வேண்டும், மறு கை அச்சான தாளை எடுக்க வேண்டும். 1979இல் ஒரு கல்யாணப் பத்திரிகை அவசரத்தில் வலது கையின் இரண்டு விரல்கள் உள்ளே மாட்டிக்கொண்டன. விரலை மடக்குகிற தசைநாண் அறுந்துபோயிற்று. தசைநாணைத் தைப்பதோடு வேலை முடிவதில்லை. தைத்த பிறகு அசைக்காமல் வைத்தால் அது சுற்றியுள்ள உறையோடு ஒட்டிக்கொள்ளும், விரல் கட்டையாகிவிடும். அவசரப்பட்டு அசைத்தால் தையல் பிய்ந்துவிடும். இரண்டுக்கும் நடுவில், எந்த நாளில் எவ்வளவு மடக்கலாம் என்பதுதான் வித்தை. அதனால் அங்கே அறுவை செய்கிறவருக்குச் சமமாகப் பயிற்சி கொடுக்கிறவரும் முக்கியம். ஒரு தட்டில் காய்ந்த பட்டாணியைக் கொட்டி, ஒவ்வொன்றாகப் பொறுக்கி டம்ளரில் போடச் சொன்னார்கள். முப்பது ஆண்டு எழுத்துக் கோத்த மனிதர், ஒரு பட்டாணி நழுவினால் அழுகிற நிலைக்கு வந்துவிடுவார். ஐந்து வாரம் கழித்து டம்ளர் நிறைந்தது. பழைய வேகம் திரும்பவில்லை, ஆனால் சாகும்வரை தன் சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொண்டார்.

2018 பிப்ரவரியில் அதே துறையில், மருத்துவர் வி. ரமாதேவி தலைமையில், மின்விபத்தில் இரண்டு கையையும் இழந்த திண்டுக்கல் மாவட்டத்து இளைஞர் ஒருவருக்கு, மூளைச்சாவு அடைந்தவரின் இரண்டு கைகளைப் பொருத்தினார்கள். தமிழ்நாட்டில் அதுவே முதல் முறை. அதற்கு முன்பே, 2009இல் மருத்துவர் ஆர். சுரேந்திரன் குழுவினர் இங்கே கல்லீரல் மாற்று அறுவைச் சிகிச்சை செய்திருந்தார்கள். லட்சக்கணக்கில் செலவாகும் சிகிச்சை அரசு மருத்துவமனைக் கட்டிலுக்கு வந்தது. செய்தியைப் படித்தபோது எனக்கு அப்பாவின் பட்டாணித் தட்டுதான் நினைவுக்கு வந்தது.

குறையே இல்லை என்று சொன்னால் எங்கள் ஊர்க்காரர்களே சிரிப்பார்கள். விடியற்காலையில் வந்தாலும் ஓ.பி. வரிசை வாசலைத் தாண்டி நிற்கிறது. கும்மிடிப்பூண்டி, சூலூர்ப்பேட்டையிலிருந்தெல்லாம் வருகிறார்கள், வரிசையில் பாதிப் பேச்சு தெலுங்கு. ஒரு கட்டடம் எழும்பினால் அது நிறைந்துவிட்டுத்தான் அடுத்தது தொடங்குகிறது. 2020இல் கொரோனா தொற்று ராயபுரம் மண்டலத்தை உலுக்கியபோது புதிய கட்டடத்தையே அதற்கு ஒதுக்க வேண்டியிருந்தது. நோயாளியோடு வந்தவர்கள் பாயை விரித்து மரத்தடியில் படுத்திருக்கும் காட்சியும் மாறவில்லை.

அப்பா வார்டில் இருந்தபோது காலையில் ரொட்டியும் பாலும் கொடுப்பார்கள். பாலை அவர் குடித்துவிடுவார். ரொட்டியை மட்டும் துண்டில் முடிந்து தலையணைக்கடியில் வைத்திருப்பார். மாலையில் நானும் தங்கையும் பார்க்கப் போனால், கட்டுப் போடாத இடது கையால் அந்த முடிச்சை மெல்ல அவிழ்ப்பார். வீட்டுக்குக் கொண்டுவந்து ஆயாவுக்கும் ஒரு துண்டு கொடுப்போம். சர்க்கரை தொட்டுச் சாப்பிட்டுவிட்டு, கஞ்சித் தொட்டியில் இப்போதெல்லாம் ரொட்டியா ஊற்றுகிறார்கள் என்று ஆயா கேட்பார்.

வணக்கம்.