ராத்திரி இரண்டு மணிக்கு வந்த போன்

(தர்மபுரியில் முதியோர் இல்லப் பணியாளர்களின் பயிற்சிக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். பென்னாகரத்திலிருந்தும் அரூரிலிருந்தும் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருக்கிறீர்கள். ராத்திரி டூட்டி முடித்துவிட்டு நேராக வந்தவர்களும் முன்வரிசையில் இருக்கிறீர்கள், கண்ணைப் பார்த்தாலே தெரிகிறது. அதனால் நேரே விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

நல்ல தலைமை இருந்தால் இல்லத்தின் தரம் உயரும் என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள். அது எப்படி என்று எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு ரிஜிஸ்டர்.

பல வருடங்களுக்கு முன்பு ஒரு முதியோர் இல்லத்தில் கண்காணிப்பாளராகச் சேர்ந்தேன். இல்லத்தின் பெயர் வேண்டாம். அங்கே பக்கவாதம் வந்து படுத்த படுக்கையாக ஒரு தாத்தா இருந்தார். தானாகப் புரள முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இல்லையென்றால் எலும்பு அழுத்துகிற இடத்தில் ரத்த ஓட்டம் தடைபட்டுத் தோல் செத்துப்போகும். ரிஜிஸ்டரில் பத்து மணி, பன்னிரண்டு, இரண்டு, நான்கு என்று வரிசையாகக் கையெழுத்து இருந்தது. நானும் தினமும் காலையில் அதன் கீழே ஒரு கையெழுத்துப் போட்டேன். மூன்றாவது வாரம், அவருக்கு வேட்டி மாற்றும்போது தற்செயலாகப் பக்கத்தில் நின்றேன். இடுப்புக்குக் கீழே ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குப் புண், குழி விழுந்திருந்தது. ஓடிப்போய் ரிஜிஸ்டரை எடுத்துப் பார்த்தால், நாலு வரியும் ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே மூச்சில் எழுதியவை.

"நேத்து டூட்டி யாரு?" என்று கத்தினேன். ராத்திரி ஆயா வந்து நின்றார். தலை நிமிரவே இல்லை. மெமோ கொடுத்தேன். அன்று ராத்திரி நானும் அங்கேயே தங்கினேன், எங்கே ஏமாற்றுகிறார் என்று கண்டுபிடிக்க. விடிவதற்குள் எல்லாம் புரிந்துவிட்டது. இருபத்தாறு பேருக்கு ஒரே ஆயா. ஒரு பாட்டியைக் கழிவறைக்குக் கூட்டிப்போய் வருவதற்குள் இன்னொருவர் கூப்பிடுகிறார். தாத்தாவை ஒற்றை ஆளாகப் புரட்டவே முடியாது. நான் ஒரு பக்கம் பிடித்தும் இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. அந்த அம்மா பொய் எழுதினார், சரி. உண்மையை எழுதியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? அதற்கும் மெமோதான் கொடுத்திருப்பேன். அது அவருக்கு நன்றாகத் தெரியும்.

மறுநாள் மெமோவைத் திரும்ப வாங்கிக் கிழித்துப் போட்டேன். பகலில் மூன்று பேர் இருந்தார்கள், அதில் ஒருவரை ராத்திரிக்கு மாற்றினேன். பகலில் துணி மடிப்பது தாமதமாகும், ஆகட்டும் என்றேன். ஒரு ரூபாய் கூடுதலாகச் செலவாகவில்லை.

நம் மாவட்டத்துக்கென்றே ஒரு சிரமம் உண்டு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல்தான் பயன்பாட்டுக்கு வந்தது. அதுவரை ஃபுளோரைடு கலந்த நிலத்தடி நீரையே குடித்து வளர்ந்தவர்கள் நம் இல்லங்களில் இருக்கிறார்கள். அந்தத் தண்ணீரால் சிலருக்கு முதுகெலும்பு இறுகிப்போயிருக்கும், கழுத்து திரும்பாது, முழங்கால் மடங்காது. எங்கள் இல்லத்தில் ஒரு பாட்டி களியைப் பாதியிலேயே வைத்துவிடுவார். "சரியாகச் சாப்பிடுவதில்லை" என்று எழுதி வைத்திருந்தோம். ஒருநாள் நானும் தட்டை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். அவரால் தட்டு வரை குனிய முடியவில்லை! வலி தாங்கிய மட்டும் சாப்பிட்டுவிட்டு நிறுத்திக்கொண்டிருக்கிறார். ஒரு மேசையும் சாய்வு உள்ள நாற்காலியும் போட்டோம். அன்றைக்கே முழு உருண்டையும் கீரைக் குழம்போடு உள்ளே போனது.

மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5 அன்று பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம். பிசியோதெரபியும் வலி தணிக்கும் சிகிச்சையும் வாசலுக்கே வருகின்றன. இப்படிப்பட்ட உதவிக்காக ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நடையாய் நடப்பது கண்காணிப்பாளரின் வேலை, தயவுசெய்து அதை ஆயாவின் தலையில் கட்டாதீர்கள்.

அரூர் தாண்டி மலைகளுக்கு நடுவே சிட்லிங்கி இருக்கிறது. 1993இல் டாக்டர் ரெஜி ஜார்ஜும் டாக்டர் லலிதாவும் அங்கே ஒரு குடிசையில் வைத்தியம் தொடங்கினார்கள். வெளியூரிலிருந்து நர்ஸ் வரட்டும் என்று உட்கார்ந்திருக்காமல், அந்த ஊர்ப் பழங்குடிப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள். கர்ப்பிணிகளைக் கவனிப்பது, பிரசவத்துக்கு உதவுவது எல்லாம் அந்தப் பெண்கள் கைக்கு வந்தன. ஒரு காலத்தில் அந்தப் பள்ளத்தாக்கில் பிள்ளைச் சாவு மிக அதிகம், அது வெகுவாகக் குறைந்தது. தெரிந்ததைத் தன்னிடமே வைத்துக்கொள்ளாத அந்தக் குணத்தைத்தான் நான் தலைமை என்கிறேன்.

நாங்களும் ஆயாக்களுக்குச் சொல்லிக்கொடுத்தோம். தோல் சிவந்திருந்தால் விரலால் அழுத்திப் பார், வெளுக்கவில்லை என்றால் ஆபத்து. நம் கறுத்த தோலில் சிவப்பு சரியாகத் தெரியாது, அதனால் கையை வைத்துப் பார், சூடாகவோ கெட்டியாகவோ இருக்கும். எந்த நேரமானாலும் எனக்குப் போன் பண்ணு, திட்ட மாட்டேன். இதை அவர்கள் நம்புவதற்கு நாலைந்து மாதம் ஆனது.

அப்புறம் ஒரு மார்கழி ராத்திரி, இரண்டு மணி இருக்கும், போன் அடித்தது. நான் மெமோ கொடுத்த அதே அம்மாதான். "சார், மூணாவது கட்டில் பாட்டிக்கு இடுப்புல கை வெச்சா சூடா இருக்கு. புண்ணு ஒண்ணும் இல்ல. ஆனா எனக்கு என்னமோ சரியாப் படல, வந்து பாக்கறீங்களா?"