நடுப் பலகையைத் தாரை வார்த்தும் வெல்லலாமா? அல்டிமேட் டிக்-டாக்-டோ விளக்கம்

வணக்கம். ஆட்டத்திலேயே மதிப்பு மிகுந்த நடுப் பலகையை எதிராளிக்கு முழுவதுமாகத் தாரை வார்த்துவிட்டு, அதன் பிறகும் அவரை உறுதியாகத் தோற்கடிக்கும் வழி ஒன்று இருக்கிறது என்றால் நம்புவீர்களா? அதைக் காட்டுவதற்கு முன் விதிகளை விரைவாகப் பார்த்துவிடுவோம்.

சாதாரண டிக்-டாக்-டோவில் இருவரும் கவனமாக ஆடினால் எப்போதும் சமநிலைதான். அதனால்தான் பலரும் அதைச் சிறுவயதோடு விட்டுவிடுகிறார்கள்.

[திரையில்: பெரிய பலகை, அதன் ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஒரு சிறு பலகை]

அல்டிமேட் வடிவத்தில் ஒன்பது சிறு பலகைகள் சேர்ந்து ஒரு பெரிய பலகையாகின்றன. மொத்தம் 81 கட்டங்கள். சிறு பலகையில் ஒரு வரிசையை முடிப்பவருக்கு அந்தப் பலகை சொந்தம். அப்படி மூன்று பலகைகளைப் பெரிய பலகையில் ஒரே வரிசையில் பிடிப்பவர் வெல்கிறார். இடமிருந்து வலமாக, மேலிருந்து கீழாக, பலகைகளுக்கும் அவற்றுள் உள்ள கட்டங்களுக்கும் 1 முதல் 9 வரை எண் கொடுத்துக்கொள்வோம். நீங்கள் எந்தப் பலகையில் இருந்தாலும், 3-ஆம் கட்டத்தில் குறி வைத்தால் எதிராளி அடுத்து 3-ஆம் பலகையில்தான் ஆட வேண்டும். அங்கே அவர் 7-ஆம் கட்டத்தைத் தேர்ந்தால் நீங்கள் 7-ஆம் பலகைக்குப் போகிறீர்கள். ஆக, இங்கே ஒவ்வொரு குறியும் எதிராளியின் கையில் நீங்கள் எழுதிக் கொடுக்கும் முகவரிச் சீட்டு.

இப்போது அந்த மாயத்துக்கு வருவோம். ஒரு பலகையை யாரேனும் வென்ற பின்னும், அதன் கட்டங்கள் எல்லாம் நிரம்பும் வரை அங்கே ஆட வேண்டும் என்றும், நிரம்பிய பலகைக்கு அனுப்பப்பட்டவர் விரும்பிய இடத்தில் ஆடலாம் என்றும் விதி வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் முதல் ஆட்டக்காரர். 5-ஆம் பலகையின் 5-ஆம் கட்டத்தில், அதாவது நட்ட நடுவில், குறி வைக்கிறீர்கள். எதிராளி அதே பலகையில் ஆடியாக வேண்டும். அவர் 2-ஆம் கட்டத்தில் வைத்தால், நீங்கள் 2-ஆம் பலகையின் நடுக்கட்டத்தில் வைத்து அவரை மறுபடியும் 5-ஆம் பலகைக்கே அனுப்புகிறீர்கள். அவர் 8-இல் வைத்தால், நீங்கள் 8-ஆம் பலகையின் நடுவில் வைக்கிறீர்கள். இப்படியே அவரை வெளியே விடாமல் சுற்ற வைத்தால், நடுப் பலகையின் எஞ்சிய எட்டுக் கட்டங்களையும் அவரே நிரப்பி, அந்தப் பலகையை வென்றும் விடுகிறார். பாவம், அதுவரை அவர் மகிழ்ச்சியாகத்தான் இருப்பார்!

[திரையில்: நடுப் பலகையில் நடுக்கட்டம் தவிர எல்லாம் எதிராளியின் குறிகள், சுற்றிலும் ஏழு பலகைகளின் நடுக்கட்டங்கள் உங்களுடையவை]

அவர் கடைசியாக நிரப்பியது 1-ஆம் கட்டம் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் இப்போது 1-ஆம் பலகையில் இருக்கிறீர்கள். நடுப் பலகை நிரம்பிவிட்டதால் இனி அங்கே அனுப்பினால் அவருக்குச் சுதந்திரம் கிடைத்துவிடும். எனவே 1-ஆம் கட்டத்திலேயே வைத்து அவரை 1-ஆம் பலகைக்குள் பூட்டுகிறீர்கள். பழைய கதை புதிய அறையில் தொடர்கிறது: அவர் எந்தப் பலகைக்கு உங்களை அனுப்பினாலும், அங்கே 1-ஆம் கட்டத்தில் வைத்து அவரைத் திருப்பி அனுப்புகிறீர்கள். விளைவாக, பலகைக்குப் பலகை உங்கள் குறிகள் 1-இலும் 5-இலும் நின்று, 9 ஒன்றை மட்டும் எதிர்பார்த்துக் காத்திருக்கின்றன. இந்த விதியின் கீழ் முதல் ஆட்டக்காரருக்கு அதிகபட்சம் 43 நகர்வுகளில் முடியும் வெற்றிவழி உண்டு என்று 2020-இல் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரை நிறுவியது. இந்த இடத்தில் வீடியோவை நிறுத்தி, ஒரு தாளில் நீங்களே ஆடிப் பாருங்கள். எதிராளிக்கு விலகிப் போக ஒரு சந்து கூட இல்லை என்பது அப்போதுதான் உறைக்கும்.

வெற்றி முன்பே தெரிந்த ஆட்டத்தை யார் ஆடுவார்கள்? ஆகவே, வென்ற பலகை அப்போதே மூடப்படும், மூடிய பலகைக்கு அனுப்பப்பட்டவர் விரும்பிய இடத்தில் ஆடலாம் என்ற விதியோடு ஆடுங்கள் என்பதே என் அழுத்தமான பரிந்துரை. எதிராளி நடுப் பலகையில் ஒரு வரிசையை முடித்த நொடியிலேயே மேலே சொன்ன பூட்டு உடைந்துவிடும்.

இந்த விதியில், சாதாரண ஆட்டம் கற்றுத்தந்த பழக்கமே உங்களுக்குப் பகையாகிறது. நடுக்கட்டத்தைக் கண்டதும் கை தானாக அங்கே போகும். ஆனால் நான்கு வெற்றி வரிசைகளில் இடம்பெறும் நடுப் பலகைக்கு எதிராளியை அழைத்துச் செல்வதும் அந்தக் கட்டமே. மூலைப் பலகை மூன்று வரிசைகளிலும், ஓரப் பலகை இரண்டு வரிசைகளிலும் மட்டுமே இடம்பெறுவதால், தொடக்கத்தில் எதிராளியை ஓரங்களுக்கு அனுப்புவது நல்லது. ஒரு பலகை மூடியதும், மற்ற எல்லாப் பலகைகளிலும் அதே எண்ணுள்ள கட்டம் நஞ்சாகிவிடுகிறது. அங்கே குறி வைப்பவர் எதிராளிக்கு எங்கும் ஆடும் உரிமையை இலவசமாகக் கொடுக்கிறார்.

நான் மிகவும் ரசிப்பது இறுதிக்கட்டத்தைத்தான். 1-ஆம், 5-ஆம் பலகைகள் உங்கள் கையில் இருக்கின்றன. 9-ஆம் பலகையில் இன்னும் ஒரே குறி வைத்தால் வெற்றி. எதிராளி 9-ஆம் கட்டத்தில் வைத்தால் உங்களை நேராக அங்கே அனுப்புகிறார். 1-இலோ 5-இலோ வைத்தால் நீங்களே அங்கே போய்விடுவீர்கள். ஆகவே அவர் இந்த மூன்று எண்களையும் தொடவே கூடாது. நீங்கள் செய்ய வேண்டியது, 1, 5, 9 ஆகிய கட்டங்கள் மட்டுமே காலியாக எஞ்சியுள்ள, இன்னும் மூடாத ஒரு பலகைக்கு அவரை அனுப்புவதுதான். தவறியும் அவரை 9-ஆம் பலகைக்கு அனுப்பிவிடாதீர்கள். முதல் வேலையாக உங்கள் வரிசையை அடைத்துவிடுவார். அனுப்பும் முன், அந்தப் பலகையைப் பிடித்து அவரே ஆட்டத்தை முடித்துவிட மாட்டார் என்பதையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். இந்தப் பொறியில் நீங்கள் யாரையாவது சிக்க வைத்தால், அது எந்தப் பலகை என்று கருத்துப் பகுதியில் எழுதுங்கள்.