எரேமியா 29:11-ஐ இனி யாரும் எனக்கு அனுப்பாதீர்கள்

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். நாற்காலி கிறீச்சிடுவது கேட்கிறதா? கேட்கும். எண்ணெய் விடுகிறேன் என்று மூன்று வீடியோவாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன், இன்னும் விட்டபாடில்லை. சரி, அது கிடக்கட்டும். இன்றைக்குக் கொஞ்சம் எரிச்சலோடுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

நேற்று காலையில் போனைத் திறந்தால் மறுபடியும் அதே வசனம். சூரியன் உதிக்கிற படம், ஒரு வெள்ளைப் புறா, நடுவில் தங்க எழுத்தில் எரேமியா 29:11. "நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன் என்று கர்த்தர் சொல்லுகிறார்; அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." உங்களுக்கும் வந்திருக்கும். எனக்கு இது 41-ஆவது தடவை. ஆமாம், எண்ணிக்கொண்டுதான் வருகிறேன். என் வீட்டுக்காரர் போய் இரண்டு வருஷத்தில் 41. அடக்கம் முடிந்த மறுநாளே ஏழு பேர் அனுப்பினார்கள். அதில் ஒருவர் இரண்டு தடவை அனுப்பினார், படம் மட்டும் வேறு.

வசனத்தின் மேல் எனக்குக் கோபம் கிடையாது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோபமெல்லாம் அந்தப் புறாவின் மேல்தான். பழைய வீடியோக்கள் பார்த்தவர்களுக்குத் தெரியும், இந்தச் சேனலே அவரைப் பார்த்துக்கொண்டதில் பிறந்ததுதான். படுத்திருக்கிறவரை எழுப்பாமல் விரிப்பு மாற்றுவது, முதுகில் புண் வராமல் புரட்டிப் படுக்க வைப்பது, அதெல்லாம். பதினொரு வருஷம். அவர் போன பிறகு, காலை ஆறு மணி மருந்துக்கு வைத்த அலாரம் மட்டும் தினமும் அடித்தது. எழுந்துவிடுவேன். எழுந்து என்ன செய்வது? துக்கம் ஒரு பக்கம் இருக்கட்டும், அதைவிடப் பெரிய தொல்லை இந்தக் கேள்விதான். அலாரத்தை அணைக்கவும் கை வரவில்லை. அப்படி நிற்கிற ஆளுக்குப் புறா எதற்கு?

கொஞ்சம் பின்னால் போகிறேன், ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். நான் வேதாகமம் வாசித்துப் பதிவு செய்து ஒரு பாட்டிக்கு அனுப்புவது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. எங்கள் சபையில் இருக்கிறவர், 86 வயது, கண் சுத்தமாக மங்கிவிட்டது. லூக்கா சுவிசேஷத்தில் வருகிற அன்னாள் என்கிற விதவைக்கு ஏறக்குறைய 84 என்று போட்டிருக்கும். இவர் அவரைவிட இரண்டு வயது மூத்தவர், அதைத் தானே சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்வார். ஒலி வேதாகமங்கள் நிறைய இருக்கின்றன பாட்டி, போனிலேயே போட்டுத் தருகிறேன் என்றேன். "அதில் பின்னால் மேளம் அடிக்கிறான் மகளே, நீயே வாசித்து அனுப்பு" என்றார். ஒரு சங்கீதம் அனுப்பினேன். அடுத்தது எங்கே என்றார். அவ்வளவுதான், ஆரம்பித்த கதை. பெரிய தரிசனம், அழைப்பு, ஒன்றும் இல்லை.

ஆறு மணி அலாரம் இப்போது இதற்குத்தான் அடிக்கிறது.

எங்கே பதிவு செய்கிறேன் தெரியுமா? பீரோவுக்குள். சிரிக்காதீர்கள். என் அறையில் எதிரொலி தாங்க முடியாது, பாட்டி "கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிறாயா?" என்று கேட்டுவிட்டார். துணி சத்தத்தை உறிஞ்சிக்கொள்ளும் என்று எங்கோ பார்த்து, பீரோவின் இரண்டு கதவையும் திறந்து, நாற்காலியை உள்ளே பார்த்துப் போட்டு, அவருடைய சட்டைகளுக்கு நடுவில் மைக்கைத் தொங்கவிட்டேன். என்ன சுத்தமான குரல்! என் பட்டுப்புடவைகளை வைத்தும் பார்த்தேன், சரிப்படவில்லை. சட்டைதான் சரி, அதுவும் அந்தத் தடித்த கட்டம் போட்ட சட்டைகள். அவற்றை யாருக்காவது கொடுத்துவிடு, மனசு லேசாகும் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். இப்போது கேட்டால், வேலையில் இருக்கின்றன, கொடுக்க முடியாது என்கிறேன்.

சங்கீதம் 150-ம் ஆயிற்று. 119-ஆம் சங்கீதம் 176 வசனம், வீம்புக்கு ஒரே மூச்சில் வாசித்து இரண்டு நாள் தொண்டை கட்டிக்கொண்டது. அப்புறம் ஏசாயா, 66 அதிகாரம். அதில் எட்டாவது அதிகாரத்தில் என்னைக் கொன்றுவிட்டார்கள். தீர்க்கதரிசி தன் மகனுக்கு வைக்கிற பெயர்: மகேர்-சாலால்-அஷ்-பாஸ். இப்போது கேமரா முன்னால் எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது பாருங்கள்! அன்றைக்கு வரவில்லையே. முதல் வசனத்தில் ஒரு தடவை வருகிறது, மூன்றாவதில் மறுபடியும். முதலாவதைத் தாண்டினால் இரண்டாவதில் "சாலால்" வழுக்கும். 19 தடவை. கொள்ளையடிக்க விரைகிறான் என்கிற மாதிரி அர்த்தமாம். அந்தப் பிள்ளையை வீட்டில் எப்படிக் கூப்பிட்டிருப்பார்கள்? இருபதாவது தடவை சரியாக வந்தபோது பீரோவுக்குள் நான் கத்திய கத்தலில் அந்தப் பதிவும் கெட்டது.

சரி, எரேமியாவுக்கு வருகிறேன். நேற்று அந்தப் புறா வந்தபோது நான் வாசிக்க வேண்டியதும் 29-ஆம் அதிகாரமே. ஒன்றிலிருந்து உரக்க வாசிக்கிறேன். அது ஒரு கடிதம். கி.மு. 597-இல் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் பிடித்துக்கொண்டு போன ஜனங்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா தீர்க்கதரிசி அனுப்புகிறார். முந்தின அதிகாரத்தில் அனனியா என்று ஒருவர், இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பி வந்துவிடும் என்கிறார். எனக்கும் ஓர் அனனியா இருந்தார், ஆறே மாதத்தில் சரியாகிவிடும் என்றார். எரேமியா சொல்லுவது எவ்வளவு தெரியுமா? 70 வருஷம். பத்தாவது வசனம், 11-க்கு நேர் மேலே இருக்கிறது. அட்டை போடுகிறவர்கள் இதை ஏன் விட்டுவிடுகிறார்கள்? அந்தக் கடிதத்தைக் கேட்ட வயதானவர்கள் யாரும் ஊர் திரும்பியிருக்க மாட்டார்கள்.

இன்னொன்று, உரக்க வாசித்ததால்தான் பிடிபட்டது. நம் தமிழ் வேதாகமத்தில் கர்த்தர் ஒருவரிடம் பேசினால் "நீ" என்றுதான் பேசுவார், மோசேயாக இருந்தாலும் சரி. இங்கே "நீங்கள்" என்கிறார். அது மரியாதைக்குச் சொன்னதல்ல, மொத்தக் கூட்டத்துக்கும் சொன்னது. இத்தனை நாள் எனக்கென்று தனியாக ஒரு திட்டம் எங்கோ உறைக்குள் இருக்கிறது, பிரித்துப் பார்க்கத் தெரியாத மக்கு நான் என்றே நினைத்திருந்தேன். அந்த ஜனங்களுக்கு வந்த கட்டளையோ ஐந்தாவது வசனத்தில் இருக்கிறது: வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போடுங்கள். அதுவும் எதிரியின் ஊரில். வாசித்துக்கொண்டிருந்தவள் அங்கே நிறுத்திவிட்டேன், சட்டைகளைப் பார்த்துக்கொண்டு. கொஞ்ச நேரம் ஆயிற்று மறுபடி தொடங்க.

கணக்குக் கேட்பீர்களே, அதையும் சொல்லிவிடுகிறேன். 66 புத்தகத்துக்கும் 1,189 அதிகாரம். முடித்தது 245, பாக்கி 944. நாளைக்கு மூன்று, ஞாயிறு விடுமுறை என்றால் ஏறக்குறைய ஒரு வருஷ வேலை. 1 நாளாகமத்தின் முதல் ஒன்பது அதிகாரமும் வெறும் பெயர்கள் என்பது தெரியும், யாரும் நினைவுபடுத்த வேண்டாம்.

ஆ, முக்கியமானது விட்டுப்போயிற்று. நேற்று ராத்திரி 29-ஐப் பாட்டிக்கு அனுப்பினேன். இன்றைக்குக் காலையிலேயே போன். நல்லா இருந்தது மகளே, ஆனால் 11-ஆம் வசனத்தில் நடுவே கிறீச் என்று ஒரு சத்தம், "நினைவுகளை அறிவேன்" என்பதே கேட்கவில்லை, அதை மட்டும் திரும்ப வாசித்து அனுப்பு என்கிறார்.

ஆக, இப்போது அந்த வசனத்தை அனுப்பப் போகிறவள் நான். புறா இல்லாமல். எண்ணெய்க் குப்பி இங்கேதானே இருந்தது... இருங்கள், கேமராவை அணைத்துவிட்டுத் தேடுகிறேன்.