வாக்கர், ஃபுல்லர், டக்கர்: மூன்று குடும்பப்பெயர், ஒரே தொட்டி

[திரையில்: உயரமான தொப்பி, கைத்தடி, வீசி நடக்கும் ஓர் உருவம்]

ஜானி வாக்கர் விஸ்கி பாட்டிலில் இருக்கும் இந்த மனிதரை 1908-இல் டாம் பிரவுன் என்ற ஓவியர் வரைந்தார். வாக்கர் என்றால் நடப்பவர், அதனால் நடக்கிறார். படம் பிரமாதம், பெயர் விளக்கம்தான் தப்பு. அந்தப் பெயரை முதலில் சுமந்தவர்கள் நின்ற இடத்தைவிட்டு நகரவே இல்லை. தொட்டிக்குள் இறங்கிக் கம்பளித் துணியை மிதித்துக்கொண்டிருந்தார்கள். தொட்டியில் பழைய மூத்திரம்.

[திரையில்: தறியிலிருந்து இறக்கிய கம்பளித் துணி, மிக நெருக்கத்தில்]

தறியிலிருந்து இறக்கிய கம்பளித் துணியை வெளிச்சத்தில் பிடித்தால் இழைகளுக்கு நடுவே இடைவெளி தெரியும். தொட்டால் பிசுக்கு. ஆட்டு ரோமத்தின் கொழுப்பு போதாதென்று, நூற்பதற்கு முன் எண்ணெயோ வெண்ணெயோ வேறு தடவியிருப்பார்கள். இது போகாமல் சாயம் பிடிக்காது, பிடித்தாலும் திட்டுத் திட்டாகத்தான் பிடிக்கும்.

மூத்திரம் அதற்குத்தான். புதிதாக இருந்தால் உதவாது. பல நாள் வைத்திருந்தால் அதிலுள்ள யூரியா அம்மோனியாவாக மாறும். அந்த அம்மோனியா கொழுப்போடு சேர்ந்து ஒருவித சோப்பாகி, அலசும்போது தண்ணீரோடு போய்விடும். மிச்சப் பிசுக்கை உறிஞ்ச ஒரு களிமண். நம் கடைகளில் விற்கும் முல்தானி மெட்டி பாக்கெட்டில் ‘ஃபுல்லர்ஸ் எர்த்’ என்று அச்சடித்திருப்பார்களே, அதே வகை. துணி மிதித்த தொழிலாளியின் பெயரை முகப்பூச்சு இன்னும் சுமக்கிறது! இங்கிலாந்தில் இதை சர்ரே கவுண்டியின் நட்ஃபீல்டில் தோண்டினார்கள். அயல்நாட்டுத் துணிக்காரர்கள் கைக்குப் போகக் கூடாதென்று 17-ஆம் நூற்றாண்டில் ஏற்றுமதிக்கே தடை போட்டார்கள்.

சுத்தம் செய்வது பாதி வேலைதான். ஈரம், சூடு, அடி மூன்றும் சேர்ந்தால் கம்பளி இழைமேல் இருக்கும் நுண்செதில்கள் ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும். துணி சுருங்கித் தடிக்கும், காற்று புகாது. சுருங்கும் என்று தெரிந்தே தேவைக்கு மேல் அகலமாக நெய்வார்கள். நடுநடுவே துணியைப் பிரித்து மடிப்பை மாற்றிப் போட வேண்டும். மறந்தால் மடிப்பு அப்படியே இறுகிவிடும், பிறகு எதைச் செய்தாலும் எடுக்க முடியாது. அளவுக்கு மேல் மிதித்தால் பலகை மாதிரி விறைத்துப்போகும்.

அடுத்து, மரச்சட்டங்களில் கொக்கி மாட்டி இழுத்து, வெட்டவெளியில் காயப்போடுவது. அளவைக் கூட்டிக்காட்ட ஆசைப்பட்டு அதிகம் இழுத்தால், வாங்கியவர் மழையில் நனையும் அன்று குட்டு வெளிப்பட்டுவிடும். காயும் துணியைத் திருடுவதும் நடந்தது. யார்க்‌ஷயரின் ஹாலிஃபாக்ஸில் 13½ பென்னியோ அதற்கு மேலோ மதிப்புள்ள பொருளைத் திருடிப் பிடிபட்டால் தலை போகும். அதற்கென்றே ஒரு வெட்டுப்பொறி வைத்திருந்தார்கள், கடைசியாக 1650-இல் பயன்பட்டது. பிரான்சின் கில்லட்டின் எல்லாம் பிற்பாடு வந்தது.

[திரையில்: இங்கிலாந்து வரைபடம், மூன்று நிறங்கள்]

இந்த ஒரே வேலைக்கு வட்டாரத்துக்கு ஒரு பெயர். வடக்கிலும் மிட்லண்ட்ஸிலும் வாக்கர். பழைய ஆங்கிலத்தில் அதன் வேருக்கு உருட்டுதல், புரட்டுதல் என்று பொருள். நடத்தல் என்பது பிறகு ஏறியது. தென்கிழக்கிலும் கிழக்கு ஆங்கிலியாவிலும் ஃபுல்லர், இது லத்தீன் வழி வந்தது. டெவன், சாமர்செட் பக்கம் டக்கர். அதன் வேர்ச்சொல்லுக்கு வதைத்தல் என்று பொருள், துணி படும் பாட்டைப் பார்த்தால் இதுதான் பொருத்தமான பெயர். டெவனின் எக்ஸ்டர் நகரில் 1471-இல் கட்டிய டக்கர்ஸ் ஹால் இன்றும் நிற்கிறது.

14-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்தில் வந்த விக்ளிஃப் வேதாகமத்தின் முந்தைய வடிவத்தில், மாற்கு 9-ஆம் அதிகாரத்தில், ‘ஃபுல்லர், அல்லது துணி வாக்கர்’ என்று இரண்டு சொல்லும் வருகின்றன. ஒன்றை மட்டும் போட்டால் பாதி நாட்டுக்குப் புரியாது என்று நினைத்திருப்பார்கள். தமிழ் வேதாகமத்தில் ‘எந்த வண்ணானும் வெளுக்கக்கூடாத’ என்று வருவது இந்த இடம்தான்.

ஆனால் எல்லா வாக்கரின் முன்னோரும் காலால் மிதித்தவர் என்று சொல்லிவிட முடியாது. 1185-இல் டெம்ப்ளர் என்ற வீரத் துறவிகள் சபையின் சொத்துக் கணக்கெடுப்பிலேயே தண்ணீரில் ஓடும் துணி ஆலைகள் வந்துவிட்டன. சக்கரம் சுழல, மரச் சம்மட்டிகள் மாறி மாறித் துணிமேல் விழும். பெயர்கள் அப்பனிடமிருந்து பிள்ளைக்கு இறங்கத் தொடங்கியது பெரும்பாலும் அதற்கும் பிறகு; தெற்கில் முன்னால், வடக்கில் தாமதமாக. ஆகவே பல வாக்கர்கள் ஆலைக்காரர்கள். 1377, 1379, 1381 தலைவரிப் பட்டியல்களை இதற்காகத்தான் பார்க்க வேண்டும்: பெயருக்குப் பக்கத்தில் தொழிலும் எழுதியிருந்தால், பெயர் இன்னும் தொழிலோடு ஒட்டியிருக்கிறதா, கழன்றுவிட்டதா என்று தெரியும்.

[திரையில்: பழைய பதிவேட்டுப் பக்கம்]

ஒரு குடும்பத்தைப் பின்னோக்கித் தேடுவதாக இருந்தால், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிறப்பு, திருமணம், இறப்புக்கு அரசுப் பதிவு தொடங்கிய நாள் 1837 ஜூலை 1. குடிக்கணக்கில் 1841-ஐ நம்பி வயது போடாதீர்கள். 15-க்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொல்லியிருந்தார்கள், 34 என்பது 30 ஆகிவிடும். பிறந்த ஊர் 1851-இல்தான் கிடைக்கும். வாக்கர் மாதிரி எங்கும் இருக்கும் பெயருக்கு அந்த ஊர் கிடைக்காமல் அடுத்த படிக்குப் போகவே கூடாது. வேறொருவர் குடும்பத்தில் போய் நிற்பீர்கள். அதற்கும் முன்னால் தேவாலயப் பதிவேடுகள், எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் ஆணைப்படி 1538-இலிருந்து. 1752-க்கு முன் அங்கே புத்தாண்டு மார்ச் 25. பதிவேட்டில் 1720 பிப்ரவரி என்று இருந்தால் நம் கணக்கில் 1721.

தடுக்கி விழக்கூடிய சில இடங்கள். நியூகாசில் அருகே வாக்கர் என்று ஓர் ஊர் உண்டு, அதிலிருந்தும் பெயர் வந்திருக்கலாம். அயர்லாந்தில் ஓ டூஹர் என்ற குலப்பெயரை ஆங்கிலத்தில் டக்கர் என்று எழுதியதும் உண்டு. அவர்களுக்கும் துணிக்கும் சம்பந்தமில்லை. ‘வாக்கர் குடும்பச் சின்னம்’ என்று கோப்பையில் அச்சடித்து விற்பதை வாங்காதீர்கள். இங்கிலாந்தில் கேடயச் சின்னம் தனி ஆளுக்கும் அவர் வாரிசுக்கும் உரியது, குடும்பப்பெயருக்குச் சின்னம் கிடையாது. 16-ஆம் நூற்றாண்டு டெவன் பதிவேட்டில் தனியாக ஒரு வாக்கர் அகப்பட்டால், வடக்கிலிருந்து வந்தவரா என்று முதலில் பாருங்கள்.