ஜாமீன் கிடைத்த பிறகு

வணக்கம் நேயர்களே. திருப்பூரில் வக்கீல் தொழில் செய்கிறேன். நாங்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு சின்ன அலுவலகம் நடத்துகிறோம். அதன் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. வக்கீல்கள் விளம்பரம் செய்யக் கூடாது என்று பார் கவுன்சில் விதி இருக்கிறது. ஏழைகளுக்கு இலவசமாக வழக்காடுவது வக்கீலின் பெரிய கடமைகளில் ஒன்று என்று சொல்வதும் அதே விதிகள்தான். முதல் விதியை நாங்கள் யாரும் மறப்பதே இல்லை!

காசு வாங்காத கேஸ் கட்டுகளுக்கு எங்கள் குமாஸ்தா அண்ணன் பச்சைக் கயிறு கட்டி வைப்பார், அடையாளத்துக்காக. 2019-இல் அப்படி ஒரு பச்சைக் கயிற்றுக் கட்டு. ஒடிசாவிலிருந்து பனியன் கம்பெனி வேலைக்கு வந்த பையன். இருபத்திரண்டு வயது. செல்போன் திருட்டு வழக்கு. மனுப் போட்டேன், ஜாமீன் கிடைத்தது. தலா 10,000 ரூபாய்க்கு இரண்டு உள்ளூர் ஜாமீன்தாரர்கள், அதாவது ஆள் வாய்தாவுக்கு வருவான் என்று பொறுப்பேற்பவர்கள், வேண்டும் என்பது நிபந்தனை. உத்தரவு வந்த சந்தோஷத்தில் நான் அடுத்த கட்டைப் பிரித்துவிட்டேன்.

இருபத்தாறு நாள் கழித்து குமாஸ்தா அண்ணன் கேட்டார், "ஏனுங்க வக்கீலம்மா, அந்த ஒடிசாப் பையன் வெளிய வந்துட்டானுங்களா?"

வரவில்லை. எப்படி வருவான்? அவனுக்கு ஊரில் தெரிந்தவர்கள் கூட அறையில் தங்கியிருந்த ஏழு பேர். ஏழு பேரும் ஒடிசா. ஜாமீன் நிற்க, சொத்து இருக்கிறது என்று காட்ட ஒருத்தரிடமும் இங்கே வீட்டு வரி ரசீது கிடையாது. கம்பெனியில் போய்க் கேட்டால், அவன் பெயரே பதிவேட்டில் இல்லை என்றார்கள்.

இந்தச் சிக்கல் புதிதில்லை. 1978-இல் மோதிராம் என்கிற கொத்தனாரின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. மத்தியப் பிரதேசத்தில் நடந்தது. ஜாமீன் கொடுத்தது உச்ச நீதிமன்றம். ஆனால் மாஜிஸ்திரேட் 10,000 ரூபாய்க்கு ஜாமீன்தாரர் கேட்டார். அந்தக் காலத்தில் கொத்தனாருக்கு அது எவ்வளவு பெரிய தொகை என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கொத்தனாரின் சகோதரர் ஜாமீன் நிற்க முன்வந்தார். அவருடைய சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று மறுத்துவிட்டார்கள். நீதிபதி கிருஷ்ணய்யர் அந்தத் தீர்ப்பில் கோபத்தோடு ஒரு கேள்வி கேட்டார். ஒரு தமிழனோ மலையாளியோ பஸ்தரிலோ போர்ட் பிளேரிலோ கைதானால், அங்கே சொத்துள்ள ஜாமீன்தாரருக்கு எங்கே போவான் என்று. கொத்தனாரை 1,000 ரூபாய் சொந்தப் பிணையில், அதாவது ஜாமீன்தாரர் இல்லாமல் அவரே எழுதிக்கொடுக்கும் பத்திரத்தில், விடச் சொன்னார். நாற்பது வருஷம் கழித்து, தமிழனுக்காகக் கேட்ட அந்தக் கேள்வியை ஒடிசாக்காரனுக்காக நான் திருப்பூரில் கேட்க வேண்டியிருந்தது.

நிபந்தனையைத் தளர்த்தச் சொல்லி மனுப் போட்டேன். இரண்டு பேர் ஒருவரானது. அந்த ஒருவர் யார்? பையன் தினமும் டீ குடித்த கடையின் அண்ணாச்சி. கேட்டதும் "சரி" என்றுவிட்டார். அவர் மனைவிதான் வடைச் சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார், "நாளைக்கு அவன் ஓடிட்டா எங்க வீட்டப் புடுங்கிக்குவாங்களா?"

நியாயமான கேள்வி. ஊரில் பாதிப் பேர் ஜாமீன் நிற்கத் தயங்குவது இந்தப் பயத்தால்தான். ஆகவே அவருக்குச் சொன்ன பதிலை உங்களுக்கும் சொல்கிறேன். ஆள் வாய்தாவுக்கு வராமல் போனால், பத்திரத்தில் எழுதிய தொகைக்குத்தான் ஜாமீன்தாரர் பொறுப்பு. அதையும் கோர்ட் எடுத்த எடுப்பில் வசூலிக்காது. ஏன் வசூலிக்கக் கூடாது என்று முதலில் நோட்டீஸ் அனுப்பிக் கேட்கும். காரணம் சரியாக இருந்தால் தொகையைக் குறைக்கவும் செய்யலாம். ஆள் செய்த குற்றத்துக்கு நீங்கள் ஜெயிலுக்குப் போக வேண்டியதில்லை. அந்த அம்மா வடையைத் திருப்பிப் போட்டுவிட்டு, "அப்பப் போயிட்டு வாங்க" என்று அவரிடம் சொன்னார்.

மறுநாள் சாயங்காலம் பையன் வெளியே வந்தான். ஜாமீன் கிடைத்தும் ஒரு மாதத்துக்கு மேல் உள்ளே இருந்திருக்கிறான். அதில் பெரும்பங்கு என் மறதி. அன்றைக்கே பச்சைக் கயிற்றை நிறுத்தினோம். இப்போது எல்லாக் கட்டுக்கும் வெள்ளைக் கயிறுதான். எது காசு கேஸ், எது இலவசம் என்பது கணக்குப் புத்தகத்துக்கு மட்டும் தெரிந்தால் போதும். பச்சையைக் கண்டாலே 'நாளைக்குப் பார்க்கலாம்' என்று கை தானாகத் தள்ளி வைக்கிறது. இதை ஒப்புக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது.

2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதற்கென்றே சில வழிமுறைகளைக் கொடுத்தது. ஜாமீன் உத்தரவின் நகலை அன்றோ மறுநாளோ மின்னஞ்சலில் சிறைக்கு அனுப்ப வேண்டும். ஏழு நாளில் ஆள் வெளியே வராவிட்டால், சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதமாகியும் பிணை கொடுக்க முடியவில்லையென்றால், நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று கோர்ட் தானாகவே பரிசீலிக்கலாம். உங்கள் வீட்டு ஆள் யாராவது இப்படி மாட்டிக்கொண்டிருந்தால், இந்த ஏழு நாள் கணக்கை மனதில் வையுங்கள்.

வக்கீலுக்கு எங்கே போவது என்கிறீர்களா? 1987-ஆம் வருடச் சட்டப்படி காவலில் இருப்பவர்கள், பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள் எல்லாருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. தாலுகா கோர்ட் வளாகத்திலேயே சட்டப் பணிகள் குழு இருக்கிறது. போனில் கேட்க 15100.

டீக்கடை அண்ணாச்சியை இன்றைக்குக் காலையில் பார்த்தேன். ரேடியோவில் பேசப் போகிறேன் என்றதும், "என் பேரச் சொல்லிறாதீங்க, அப்புறம் ஊரே ஜாமீன் கேட்டு வந்துரும்" என்றார். சொல்லவில்லை அண்ணாச்சி.