ஒரு டம்ளர் கடல்

வணக்கம். கடல் தண்ணீரில் பெருகி அதன் நிறத்தையே மாற்றிவிடும் நுண்பாசியைப் பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள், நான் கையில் ஒரு கண்ணாடி டம்ளரோடு வந்துவிட்டேன். வானொலியில் டம்ளரைக் காட்ட முடியாது என்பது உள்ளே வந்து உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. சரி, சொல்லியே புரியவைக்கப் பார்க்கிறேன்.

பழையாறிலிருந்து நாகப்பட்டினம் வரைக்கும் கரையோரத் தண்ணீரை எடுத்துச் சோதிப்பது என் வேலை. போன வருஷம் ஐப்பசி கடைசியில், விடிந்தும் விடியாத நேரத்தில், பழையாறிலிருந்து ஒரு அண்ணன் போன் பண்ணினார். "தம்பி, தண்ணி பச்சையா கஞ்சி மாதிரி கெடக்கு, வலையெல்லாம் வழுவழுங்குது, மீன்பாடே இல்ல." ஓடிப் போய் ஒரு பாட்டில் பிடித்துக்கொண்டேன். அப்புறம் நான் செய்ததுதான் கூத்து. பாட்டிலை வண்டிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, வழியில் இன்னும் இரண்டு இடத்தில் வேலை பார்த்துவிட்டு, உச்சி வெயிலில் ஆய்வகத்துக்குப் போய்ச் சேர்ந்தால், உள்ளே இருந்த உயிர் எல்லாம் வெடித்துக் கரைந்து வெறும் கோழையாகக் கிடந்தது. அது என்ன பாசி என்று கடைசிவரை என்னால் சொல்ல முடியவில்லை.

என்ன பாசி என்று தெரிந்தால் என்ன, தெரியாவிட்டால் என்ன என்று கேட்கலாம். பாசிக்குப் பாசி கொல்லும் விதம் வேறு. ராமநாதபுரம் பக்கம் பூங்கோரை என்பார்களே, நாக்டிலூக்கா, அதில் பெரிய விஷம் கிடையாது. ஆனால் மொத்தமாகப் பெருகி மொத்தமாகச் செத்து அழுகும்போது தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜன் தீர்ந்துபோகும். 2019 செப்டம்பரில் பாம்பன், மண்டபம் பக்கம் மீன்கள் செத்து ஒதுங்கியது அப்படித்தான், பவளப்பாறைகளும் அடிவாங்கின. இறால் குட்டை வைத்திருப்பவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. பாசி ஏறிய குட்டையில் விடியற்காலை மூன்று மணிக்கு, தண்ணீருக்குக் காற்றூட்டும் ஏரேட்டர் நின்றுபோனால் என்ன ஆகும் என்று அவர்களைக் கேளுங்கள்.

இன்னொரு வகை, மீனைப் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது, மட்டி, ஆளி போன்ற சிப்பிகளில் விஷமாகச் சேரும். தின்றவருக்கு உதடு மரத்துப்போகும், அளவு மிஞ்சினால் மூச்சே நின்றுவிடும். கொதிக்க வைத்தாலும் அந்த விஷம் போகாது. 1997-ல் கேரளத்து விழிஞ்ஞத்தில் ஆளி சாப்பிட்டு ஏழு பேர் இறந்துபோனார்கள்.

இதையெல்லாம் முன்கூட்டியே கண்டுபிடிக்க மேலே செயற்கைக்கோள் இருக்கிறது. 2022 நவம்பரில் இஸ்ரோ அனுப்பிய ஓசன்சாட்-3 கடலின் நிறத்தைப் பார்த்து எங்கே பச்சையம் கூடியிருக்கிறது என்று சொல்கிறது. அந்த மாதிரிப் படங்களை வைத்து ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்ற கடல் தகவல் நிறுவனம் பாசிப் பெருக்கத் தகவல் சேவை நடத்துகிறது. அவர்கள் முக்கியமாகக் கண்காணிக்கும் இடங்களில் மன்னார் வளைகுடா உண்டு, கேரளக் கரை உண்டு, ஒடிசாவில் கோபால்பூர் உண்டு. நம் டெல்டா கரை அந்தப் பட்டியலில் இல்லை.

அவர்களைக் குறை சொல்லவில்லை. நம் கடல் அப்படி. ஐப்பசி, கார்த்திகையில் வானம் மூடிக்கிடக்கும், மேகத்துக்கு அடியில் இருப்பது அந்தக் கேமராவுக்குத் தெரியாது. மேகம் விலகினாலும் கொள்ளிடமும் அரசலாறும் வெட்டாறும் வண்டலைக் கொண்டுவந்து கொட்டிக்கொண்டிருக்கும், அந்தக் கலங்கல் தண்ணீரில் எது சேறு எது பாசி என்று பிரிப்பது பெரும்பாடு. போதாததற்குப் படத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் ஏறத்தாழ 360 மீட்டர், சின்ன முகத்துவாரம் ஒன்று முழுசாக அதற்குள் அடங்கிவிடும்.

ஆனால் கண்டுபிடித்துவிட்டால், அது அடுத்து எங்கே போகும் என்று கணிப்பது அவ்வளவு கஷ்டமில்லை. பாசி நீந்திப் போவதில்லை, நீவாடு, அதாவது நீரோட்டம், இழுக்கிற பக்கம் போகிறது. மாசியிலிருந்து நீரோட்டம் வடக்கே ஓடும், வாடைக்காலத்தில் தெற்கே திரும்பும், இதைக் கடலுக்குப் போகிறவருக்கு நான் சொல்லித்தர முடியுமா? பழையாறிலிருந்து தரங்கம்பாடி நேர்கோட்டில் 35 கிலோமீட்டர் சொச்சம். நீரோட்டம் மணிக்கு ஒரு கிலோமீட்டர் என்றால் ஒன்றரை நாள். கணினி மாதிரிகள் காற்று, அலை, வெப்பம் எல்லாம் சேர்த்துப் போடும் பெரிய கணக்குக்கும் அடிப்படை இதுதான். அன்றைக்கு என் பாட்டில் கெட்டுப்போன மறுநாள் சாயங்காலம் தரங்கம்பாடியிலிருந்து போன் வந்தது, பச்சைத் தண்ணீர் வந்திருக்கிறது என்று. என்ன பாசி என்று தெரியாமல் என்னத்தைச் சொல்வது என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். வருகிறது என்றாவது சொல்லியிருக்கலாம்.

அதனால்தான் இந்த டம்ளர். தண்ணீர் நிறம் மாறிக் கிடந்தால் ஒரு டம்ளர் மொண்டு, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, ஐந்து நிமிஷம் ஆடாமல் வையுங்கள். சேறு என்றால் அடியில் உட்காரும். கசகசா மாதிரி குட்டிக் குட்டி உருண்டைகள் மேலே ஏறி மிதந்தால் பூங்கோரை. மரத்தூள் போலத் துணுக்குகள் மிதந்தால் அது டிரைக்கோடெஸ்மியம் என்ற இன்னொரு பாசி, பெரும்பாலும் காற்று அடங்கிய கோடைக்காலத்தில் வருவது. ஒன்றுமே தெரியாமல் தண்ணீர் மட்டும் பழுப்பாகவோ சிவப்பாகவோ இருந்தால், அதுதான் எனக்குக் கவலை, அதை நுண்ணோக்கியில்தான் பார்க்க வேண்டும், பார்த்துச் சொல்லும்வரை அந்தப் பக்கத்து மட்டியைத் தொடாதீர்கள். எனக்காக ஒரு பாட்டிலில் பிடித்து, ஈரத்துணி சுற்றி நிழலில் வையுங்கள், என்னை மாதிரி வண்டிப் பெட்டியில் போட வேண்டாம். பாசி கெடாமல் இருக்க, நான் கொடுத்துவைத்திருக்கும் அயோடின் கரைசலைப் பாட்டிலுக்குள் பால் விடாத டீ நிறம் வரும்வரை சொட்டுச் சொட்டாக விட்டால் போதும். ஜிபிஎஸ் எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள், காற்று எந்தப் பக்கம் என்பதையும்.

பழையாறு அண்ணன் இப்போது படகில் ஒரு டம்ளர் வைத்திருக்கிறார். போன வாரமும் விடியற்காலையில் போன் வந்தது. பதறி எழுந்து வண்டிச் சாவியைத் தேடிக்கொண்டே எடுத்தேன். "தம்பி, தண்ணி ஒரு மாதிரி இருந்துச்சு, மொண்டு வச்சுப் பார்த்தேன், எல்லாம் அடியில உக்காந்துருச்சு. சேறுதான். நீ தூங்கு."