அவன் திரும்ப மாட்டான்

வணக்கம். பொம்மைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் படம் எடுக்கிற ஸ்டாப்மோஷன் வேலையில் இருக்கிறேன். நாலு வயதுக் குழந்தை ஒன்று கிரேயானில் வரைந்த ஆளைப் படத்துக்குப் பொம்மையாக்கிய கதையைச் சொல்கிறேன்.

பெரிய தலை, உடம்பே கிடையாது, காது இருக்க வேண்டிய இடத்திலிருந்து நேராகக் கை, தாடையிலிருந்து இரண்டு நீளக் கால். ஒரு கையில் ஆறு விரல், இன்னொன்றில் மூன்று. அந்த வயதில் நிறையக் குழந்தைகள் இப்படித்தான் வரைவார்கள். நான் என்ன செய்தேன், பெரிய மனுஷத்தனமாக ஒரு கழுத்து வைத்து, விரல்களை ஐந்தாக்கி ஒரு மாதிரிப் பொம்மை செய்துகொண்டு போனேன். குழந்தை அதைப் பார்த்துவிட்டு, "அவன் எங்கே?" என்று கேட்டது.

சரி என்று முதலிலிருந்து ஆரம்பித்தேன். ஓவியத்தைப் பொம்மையின் அளவுக்குப் பெரிதாக்கி, அதன் மேலேயே அலுமினியக் கம்பியை வைத்து வளைத்தேன். ஒற்றைக் கம்பி சீக்கிரம் ஒடியும், அதனால் இரண்டு இழையை முறுக்கிக்கொள்வோம். மூட்டு வருகிற இடத்தை மட்டும் விட்டுவிட்டு மீதியில் எபாக்சி புட்டியைப் பூசினால் அது எலும்பு மாதிரி இறுகிவிடும். தலைதான் படுத்தியது. அவ்வளவு பெரிய தலையை இரண்டு குச்சிக் கால் எப்படித் தாங்கும்? தெர்மாகோலில் செதுக்கி உள்ளே குடைந்து எடுத்தேன், பாதத்தில் திருகாணி மாட்டுகிற நட்டு ஒன்றைப் புதைத்து மேஜைக்கு அடியிலிருந்து திருகாணி போட்டு முடுக்கினேன். ஒவ்வொரு அடி எடுத்து வைக்கும்போதும் கழற்றி மாட்ட வேண்டும்.

நிறத்துக்கு அதே கிரேயானைத் தேய்த்துப் பார்த்தேன், அழகாகத்தான் இருந்தது. ஆனால் விநாடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 தனிப்படம், ஒரு நிலையை இரண்டு ஃபிரேம் வைத்தாலும் 12 நிலை, அத்தனை தடவையும் என் கை படுகிறது, மெழுகு ஈஷிக்கொண்டு படத்தில் தோல் கொதிப்பது போலத் தெரிந்தது. மெழுகின் மேல் தண்ணீர் பெயின்டும் ஒட்டாது. எல்லாவற்றையும் சுரண்டிவிட்டு, காய்ந்த தூரிகையில் அக்ரிலிக் பெயின்ட் தொட்டு, ஓவியத்தில் கிரேயான் விட்டுவைத்த வெள்ளைக் கீற்றுகளோடு சேர்த்து இழுத்தேன்.

அப்புறம்தான் உறைத்தது, ஓவியத்தில் இருப்பது முன்பக்கம் மட்டும். பின்பக்கம் எப்படி இருக்கும் என்று குழந்தையிடமே காகிதத்தைக் கொடுத்தேன். அதே ஆளை வரைந்து முகம் முழுக்கக் கறுப்பாகக் கிறுக்கி, "முடி" என்றது. பக்கவாட்டில்? "அவன் திரும்ப மாட்டான்."

எனக்கு இதைவிட நல்ல டைரக்‌ஷன் யாரும் கொடுத்ததில்லை. படம் முழுக்க அவன் நம்மைப் பார்த்தபடியே நண்டு மாதிரி நடக்கிறான். கதவு வழியாகப் போக வேண்டிய காட்சியில் கை இடித்தது, கதவை அகலமாக்கினோம்.

விரலுக்கு மெல்லிய கம்பி என்பதால் அடிக்கடி ஒடிந்தது. மூன்று விரல் கைக்கு இரண்டு மாற்று போதுமாக இருந்தது. ஆறு விரல் கையை ஐந்து தடவை செய்தேன், ஒவ்வொரு தடவையும் எண்ணிப் பார்த்து.